கேம்பர் டிரெய்லரின் தளர்ந்த வெயில்மறைப்பைச் சரிசெய்யும் முறை

காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியான கேம்பர் டிரெய்லரின் பக்கச் சுவரில் சுருட்டி வைக்கப்பட்டிருந்து, வண்டியை நிறுத்தியதும் வெளியே இழுத்து விரிக்கப்படும் ஆனிங் என்னும் வெயில்மறைப்பு பார்வைக்கு வெறும் துணிக்கூரைதான். ஆனால் அது சுவரின்மீது செலுத்தும் விசை மிகப் பெரியது. 4 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் உள்ள மறைப்பின் பரப்பு 10 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று அந்தப் பரப்பில் முழுமையாக மோதினால், ஏறத்தாழ 60 கிலோ எடைக்கு நிகரான விசை அதன்மீது விழுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகி 240 கிலோவை எட்டும். 10 மில்லிமீட்டர் மழை பெய்து, நீர் வழிந்தோட வழியின்றித் துணியிலேயே தேங்கினால் அதன் எடை 100 கிலோ. இவ்வளவையும் தாங்கி நிற்பவை சுவருக்குள் இறங்கியிருக்கும் சில திருகாணிகளும், அவை பற்றியிருக்கும் மெல்லிய மரச்சட்டமும் மட்டுமே.

ஆகவே மறைப்பு ஆடத் தொடங்கினால், ஆடுகிற இடத்தில் உள்ள திருகாணியை இறுக்கிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். மறைப்பின் தாங்குகையைச் சுவரோடு இணைக்கும் கீழ்ப் பிராக்கெட்டில் ஒரே திருகாணியை, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு ஒரு முறையாக, மூன்று முறை இறுக்கினேன். நான்காம் முறை அதைக் கழற்றிப் பார்த்தபோது அதன் மரையில் ஈரமான மரத்தூள் ஒட்டியிருந்தது. தளர்வு வெளியே தெரிந்ததே தவிர, அதன் காரணம் சுவருக்குள் இறங்கிய நீராக இருந்தது. அதை நிறுத்தாமல் இறுக்கிய ஒவ்வொரு முறையும் எஞ்சியிருந்த நல்ல மரத்தையும் நானே அரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேலையைத் தொடங்குமுன் உறுப்புகளைத் தெரிந்துகொள்வது நல்லது. சுவரின் மேற்பகுதியில் நீளவாக்கில் ஓர் அலுமினியப் பட்டை திருகப்பட்டிருக்கும். அதில் ஓடும் பள்ளத்தில், கயிறு வைத்துத் தைத்த துணியின் விளிம்பு செருகப்பட்டிருக்கும். துணியின் மறு விளிம்பு உருளைக் குழாயில் சுற்றப்பட்டிருக்கும். கையால் இயங்கும் வகையில் அந்தக் குழாயின் முனைக்குள் முறுக்கு ஸ்பிரிங் இருக்கும். குழாயின் இரு முனைகளையும் ‘கைகள்’ எனப்படும் இரண்டு உலோகத் தாங்கிகள் தாங்கும். அந்தக் கைகள் சுவரின் மேலும் கீழும் உள்ள பிராக்கெட்டுகளில் பொருந்தும். மின்மோட்டாரால் இயங்கும் வகையில் முறுக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரு முனையில் மோட்டாரும், கைகளை வெளியே தள்ளும் வாயு அடைத்த தண்டுகளும் இருக்கும். மடக்குக் கூடாரம் போன்ற சிறிய டிரெய்லர்களில் உருளையே இராது. பைக்குள் சுருட்டிய துணியும் தனிக் கம்பங்களும்தான். அவற்றுக்குக் கீழே சொல்லப்படுவனவற்றில் சுவர்ப்பட்டையைப் பற்றிய பகுதி மட்டும் பொருந்தும்.

எங்கே ஆடுகிறது என்று கண்டறிதல்

காற்றில்லாத நேரத்தில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, மறைப்பை முழுவதும் விரியுங்கள். துணைக்கு ஒருவர் உருளையின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும், பிறகு முன்னும் பின்னும் அசைக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வையுங்கள். பாதி விரல் பிராக்கெட்டின்மீதும் பாதி சுவரின்மீதும் படவேண்டும். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் ஆட்டம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். கையின் மூட்டில் ஆட்டமா, பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஆட்டமா, பிராக்கெட்டோடு சேர்ந்து சுவர்த் தகடே உள்ளும் புறமும் அசைகிறதா என்ற மூன்றையும் பிரித்தறிய வேண்டும். மூன்றாவது வகைதான் கவலைக்குரியது. உள்ளிருக்கும் சட்டம் தகட்டிலிருந்து விலகிவிட்டதை அல்லது இற்றுப்போனதை அது காட்டுகிறது.

கீழ்ப் பிராக்கெட்டைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். சாதாரண நேரத்தில் துணியின் எடையும் இழுவிசையும் கையின் வழியாக அந்தப் பிராக்கெட்டைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகின்றன. காற்று துணிக்கு அடியில் புகுந்து தூக்கும்போது அதே பிராக்கெட் வெளிப்புறமாக இழுக்கப்படுகிறது. ஒரு மாலை முழுவதும் இப்படித் தள்ளலும் இழுப்புமாக மாறிமாறி விசை பட்டால் எந்தத் திருகாணியும் தன் துளையைச் சிறிது சிறிதாக அகலப்படுத்திவிடும். மேலே உள்ள பட்டைக்கோ பெரும்பாலும் வெளிநோக்கிய இழுப்பு மட்டுமே; அதனால் அங்கே ஆட்டத்தைவிட இடைவெளியே முதல் அடையாளம். பட்டையின் மேல்விளிம்பு நெடுகிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் உள்ளே நுழைகிற இடங்களையும், நீர் புகாமல் அடைக்கும் பசையான பழைய சீலன்ட் வெடித்திருக்கும் இடங்களையும் பென்சிலால் குறித்துவையுங்கள். டிரெய்லரின் உட்புறத்தில் அந்த இடங்களுக்கு நேரே பழுப்புக் கறையோ, உப்பிய சுவர்த்தாளோ, மக்கிய வாசனையோ இருந்தால் நீர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

கைவைக்குமுன்

இந்த வேலையில் உண்மையாகவே ஆபத்தானது உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங். மறைப்பு முழுவதும் சுருட்டப்பட்ட நிலையிலும் அது விசையோடுதான் இருக்கும். கைகள் பிராக்கெட்டுகளில் பொருந்தியிருப்பதால் மட்டுமே அது அடங்கியிருக்கிறது. பூட்டாமல் கையையோ முனைமூடியையோ கழற்றினால் அது நொடியில் பலமுறை சுழன்று விரல்களையும் மணிக்கட்டையும் உடைத்துவிடும். பெரும்பாலான உருளைகளின் முனைமூடியில் இதற்கென்றே ஒரு துளை இருக்கும். அதில் ‘பின்’ எனப்படும் உறுதியான உலோக ஊசி ஒன்றைச் செருகிப் பூட்டிய பிறகே எதையும் தொட வேண்டும். கழற்றும்போது அந்த மூடிக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள். பிராக்கெட்டுகளைத் திருத்தும் வேலை என்றால், மறைப்பை முழுவதும் சுருட்டி, உருளையைத் துணியோடு சேர்த்து மூன்று நான்கு இடங்களில் பட்டைக்கயிற்றால் கட்டி, கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிராக்கெட்டை மட்டுமே கழற்றுங்கள். அந்தப் பக்கத்தின் எடையைத் தாங்க ஒரு கம்பத்தை முட்டுக் கொடுங்கள்.

மோட்டார் வகையில் முதலில் அதன் ஃபியூஸைப் பிடுங்குங்கள் அல்லது பேட்டரி இணைப்பைத் துண்டியுங்கள். வாயுத் தண்டு மடங்கியிருக்கும்போது அழுத்தத்தில் இருக்கும். கையைச் சுவரோடு இறுகக் கட்டாமல் அதன் முனையைக் கழற்றினால் கை எகிறிவிடும். ஏணியில் ஏறிச் செய்ய வேண்டிய வேலை என்பதால் துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

பிராக்கெட்டை மீண்டும் உறுதியாகப் பொருத்துதல்

பிராக்கெட்டின் திருகாணிகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் மரையையும் பாருங்கள். காய்ந்த, நீண்ட மரநார்கள் ஒட்டியிருந்தால் மரம் நல்ல நிலையில் உள்ளது. துளை மட்டும் அகன்றிருக்கிறது. ஈரமான தூளோ கறுத்த சேறோ ஒட்டியிருந்தால் மரம் இற்றுக்கொண்டிருக்கிறது. பிறகு மெல்லிய குத்தூசியைத் துளைக்குள் விட்டுப் பக்கவாட்டில் குத்திப் பாருங்கள். நல்ல மரம் ஊசியைப் பிடித்துக்கொள்ளும். நெம்பினால் நீளமான சிம்பாகப் பிளக்கும். இற்ற மரம் எதிர்ப்பின்றி வழிவிட்டு, நெம்பியதும் சிறு துகள்களாக உதிரும். ஊசி எதிர்ப்பின்றி இறங்கும் பகுதி உள்ளங்கை அளவைத் தாண்டினால், வெளியிலிருந்து செய்யும் எந்தத் திருத்தமும் நிலைக்காது. சுவரைத் திறந்து சட்டத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அதைச் சொல்வதற்கு வருத்தமாக இருந்தாலும், இற்ற மரத்தில் பொருத்திய மறைப்பு ஒரு பெருங்காற்றில் சுவர்த் தகட்டையும் கிழித்துக்கொண்டு போகும் என்பதால் இதில் சமரசம் செய்துகொள்ளக் கூடாது.

மரம் நல்லதாகவே இருந்தாலும் ஈரமாக இருக்கலாம். துளைகளைத் திறந்த நிலையில் விட்டு, மழை படாமல் மூடாக்கிட்டு, மின்விசிறிக் காற்றைச் சில நாட்கள் படவிடுங்கள். ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் நீடித்தால் பூஞ்சை தொடர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு உண்டு. அடுத்துத் துளையை நிரப்பப் பயன்படுத்தும் எப்பாக்சி என்னும் பிசின் பசை ஈரமான மரத்தில் சரியாகப் பிடிக்காது என்பதால் இந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியாது. பயணத் தேதி நெருங்கிவிட்டதென்றால் மறைப்பை விரிக்காமல் பயணம் செய்வதே நல்லது.

அகன்ற துளைகளுக்குப் பலரும் மரக்குச்சிகளைப் பசையில் தோய்த்துச் செருகி, அதிலேயே திருகாணியை இறக்குகிறார்கள். அலமாரிக் கதவுக்கு அது போதும். இங்கே அந்தக் குச்சியின் நார்கள் திருகாணி செல்லும் திசையிலேயே ஓடுவதால் மரை அவற்றைக் குறுக்கே வெட்டிப் பற்றிக்கொள்ள முடியாமல் பிடிப்பு குறைந்துவிடுகிறது. அதைவிட எப்பாக்சி நிரப்பும் முறை உறுதியானது. பழைய துளையை 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை அகலப்படுத்தி, தூளை ஊதி வெளியேற்றுங்கள். முதலில் நீர்த்த எப்பாக்சியை உட்சுவரில் தூரிகையால் பூசி மரம் உறிஞ்சவிடுங்கள். பிறகு நிரப்புப்பொடி சேர்த்துக் கெட்டியாக்கிய எப்பாக்சியை ஊசிக்குழலால் துளையின் அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிறைப்பட்டு வெற்றிடம் உண்டாகும். ஒரு முழு நாள் இறுகவிடுங்கள். குளிரான இடத்தில் இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். இறுகிய பின் துளையின் நடுவில் புதிய வழித்துளை இடுங்கள். 6 மில்லிமீட்டர் திருகாணிக்கு, அதன் மரைகளுக்கு நடுவில் உள்ள தண்டின் தடிமனை அளந்து அதே அளவிலான டிரில் பிட்டைப் பயன்படுத்துங்கள். எப்பாக்சி மரத்தைப்போல வழிவிடாது என்பதால் சிறிய துளையில் திருகாணியை வலிந்து செலுத்தினால் அது விரிசல் விடும்.

சில டிரெய்லர்களின் சட்டம் மரமாக இராமல் அலுமினியக் குழாயாக இருக்கும். 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய்ச் சுவரில் 6 மில்லிமீட்டர் திருகாணியின் ஒன்றரை மரை மட்டுமே பற்றும். எவ்வளவு இறுக்கினாலும் அது போதாது. அங்கே ரிவெட் நட் எனப்படும், துளைக்குள் செருகிக் கருவியால் இழுத்ததும் பின்புறம் விரிந்து பிடித்துக்கொள்ளும் நட்டைப் பொருத்துங்கள். எம் 6 அளவுக்கு வழக்கமாக 9 மில்லிமீட்டர் துளை தேவைப்படும். உட்புறத்திலிருந்து கைக்கு எட்டும் இடமாக இருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: சுவரின் ஊடே போல்ட்டை முழுவதும் செலுத்தி, உள்ளே அகலமான அலுமினியத் தகடு வைத்து நட் இட்டு இறுக்குவது. அலமாரிக்குள் மறையும் இடமென்றால் நான் தயக்கமின்றி இதையே தேர்ந்தெடுப்பேன். இழுவிசை ஒரு புள்ளியில் குவியாமல் தகடு முழுவதும் பரவுகிறது.

அடுத்து நீர்த்தடை. பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் அகற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சிலிக்கோனை இங்கே பயன்படுத்த வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். அதன் மெல்லிய எச்சம் இருந்தாலும் பிற்காலத்தில் வேறு எந்தச் சீலன்ட்டும், புதிய சிலிக்கோனும்கூட, அந்த இடத்தில் ஒட்டாது. பிராக்கெட்டின் பின்புறம் முழுவதும் ரப்பர்போல ஒட்டும் நாடாவான பியூட்டைல் டேப்பை ஒட்டி, திருகாணித் துளைகளைச் சுற்றிச் சிறிய வளையமாகவும் வைத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைக் கைத் திருப்புளியாலோ ஸ்பேனராலோ இறுக்குங்கள். அடித்துச் சுழற்றும் டிரில்லைப் பயன்படுத்தினால், புதிதாக உண்டாக்கிய மரை ஒரே நொடியில் அரைபட்டுவிடும். எல்லாத் திருகாணிகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால் டேப் நான்கு பக்கமும் சீராகப் பிதுங்கும். இரண்டு மூன்று நாட்களில் டேப் இன்னும் அமுங்கும். அப்போது மறுபடி கால் சுற்று இறுக்கி, பிதுங்கியதை வெட்டியெடுங்கள். கடற்கரையோரம் அடிக்கடி செல்பவர்கள் உப்பை நன்கு தாங்கும் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகையே வாங்குவது நல்லது. எஃகும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்படும் என்பதால் திருகாணியின் தலைக்கு அடியிலும் சிறிது பியூட்டைல் வையுங்கள்.

சுவர்ப்பட்டை

பட்டையின் திருகாணிகள் பெரும்பாலும் ஒரு நீண்ட வினைல் நாடாவுக்கு அடியில் மறைந்திருக்கும். அந்த நாடாவை ஒரு முனையிலிருந்து இழுத்து எடுத்தால் தலைகள் தெரியும். நாடா சுருங்கிப்போய் முனைகளில் இடைவெளி விட்டிருந்தால் புதியதை மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லாத பொருள்தான். எல்லாத் திருகாணிகளையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்து, பிடிப்பு உள்ளதைச் சீலன்ட் தடவித் திரும்ப இறக்குங்கள். சும்மா சுழல்வதற்கு ஒரு அளவு பெரிய திருகாணியையோ, மேலே சொன்ன எப்பாக்சி முறையையோ கையாளுங்கள். அடுத்தடுத்து மூன்று நான்கு துளைகள் கெட்டிருந்தால் அந்தப் பகுதியில் மேலிருந்து நீர் இறங்குகிறது என்றே பொருள். கூரை விளிம்பின் சீலன்ட்டையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.

பட்டைக்குச் சீலன்ட் பூசும்போது மேல்விளிம்பையும் இரு முனைகளையும் மட்டும் அடையுங்கள். கீழ்விளிம்பைத் திறந்தே விடுங்கள். எப்படியோ உள்ளே புகுந்த ஒரு துளி நீர் வெளியேற அந்த வழி ஒன்றுதான் உண்டு. நான்கு பக்கமும் அழகாகப் பூசி மூடிய பட்டைக்குள் நீர் தேங்கிச் சட்டத்தை அழித்திருப்பதைப் பார்த்தவர்கள் இந்தத் தவறை மறுபடி செய்யமாட்டார்கள்.

கைகளின் மூட்டுகள்

கைகளில் உள்ள ஆட்டத்துக்குத் தேய்ந்த ரிவெட்டே பொதுவான காரணம். வட்டமான துளை முட்டை வடிவமாகியிருந்தால் அதே அளவு ரிவெட்டை மீண்டும் அடிப்பதில் பயனில்லை. அந்தத் துளையை அடுத்த அளவுக்குச் சீராகத் துளைத்து, துருப்பிடிக்காத போல்ட்டையும், அதிர்வில் கழலாத நைலான் வளைய நட்டையும் பொருத்தி, இரு உலோகங்களுக்கும் நடுவில் நைலான் வாஷர் வையுங்கள். மூட்டு தடையின்றி மடங்கவேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. அந்த அளவே போதுமான இறுக்கம். எண்ணெய் தூசியைச் சேர்க்கும் என்பதால் உலர் சிலிக்கோன் மசகுத் தெளிப்பை இங்கே பயன்படுத்தலாம். சீலன்ட் பூச வேண்டிய இடங்களின்மீது அது தெறிக்காமல் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள்.

துணியே தொய்ந்திருந்தால்

பிராக்கெட்டும் பட்டையும் உறுதியாக இருந்தும் துணி ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் தொய்ந்தால், அது பள்ளத்துக்குள் நகர்ந்திருக்கலாம். பட்டையின் இரு முனைகளிலும் துணியின் கயிற்று விளிம்பை நிறுத்திவைக்கும் சிறிய திருகாணி ஒன்று இருக்கும். அது விழுந்துபோயிருந்தால் துணி மெல்ல மெல்ல ஒரு பக்கமாக ஊர்ந்துவிடும். மறைப்பைப் பாதி விரித்து, இருவர் இரு முனையிலும் நின்று துணியைச் சம தூரத்துக்கு இழுத்து நேராக்கி, அந்தத் திருகாணிகளை மீண்டும் இடுங்கள்.

சுருட்டும்போது உருளை சோம்பலாகத் திரும்பினால் ஸ்பிரிங்கின் விசை குறைந்திருக்கிறது. பின்னைச் செருகிப் பூட்டி, முனைமூடியின் திருகாணிகளை அகற்றி, பூட்டும் குறடால் தண்டை இறுகப் பற்றிக்கொண்டு, பின்னை எடுத்து மெதுவாக அவிழுங்கள். எத்தனை சுற்று அவிழ்ந்தது என்பதை உரக்க எண்ணித் துணைவரை எழுதச் சொல்லுங்கள். திரும்ப முறுக்கும்போது அதே எண்ணிக்கையோடு ஒரு சுற்று கூட்டலாம். ஸ்பிரிங் இரு முனையிலும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே அளவு கூட்டுங்கள். மேல் வரம்பு துணியின் நீளத்தைப் பொறுத்தது. உங்கள் மறைப்புக்குரிய கையேட்டில் உள்ள எண்ணைத் தாண்டாதீர்கள். ஒரு கையால் பிடிக்கக்கூடிய விசைதானே என்று எண்ணிக் குறடின்றிச் செய்ய முயல வேண்டாம்.

பயணத்தின்போது மறைப்பு உப்பிப் படபடப்பது வேறு சிக்கல். உருளையைச் சுழலவிடாமல் நிறுத்தும் பூட்டின் பல் தேய்ந்திருக்கும், அல்லது கைகளின் பயணப்பூட்டுத் தளர்ந்திருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் படும் காற்றின் விசை கிட்டத்தட்ட 38 கிலோ எடைக்குச் சமம் என்பதால், ஒரு சாண் துணி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் அது மீதியையும் இழுத்துவிடக்கூடும். பூட்டை மாற்றுவதே தீர்வு. அதுவரை இரு கைகளையும் சுற்றிக் கொக்கிப் பட்டையால் கட்டிவிட்டுப் புறப்படுங்கள்.

வேலை முடிந்தபின் மறைப்பை விரித்து, முதலில் செய்ததுபோலவே ஒருவர் அசைக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு முனையை மறு முனையைவிட ஒரு சாண் தாழ்த்தி, பட்டையின் மேலிருந்து கால் மணி நேரம் குழாய்நீரை மெதுவாக வழியவிட்டு, உட்புறச் சுவரை உலர்ந்த கையால் தடவிப் பாருங்கள். அடுத்த பயணத்தில் முதல் 50 கிலோமீட்டரில் வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்குங்கள். திருகாணித் தலைகளின் குறுக்கே முன்கூட்டியே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இட்டிருந்தால், எது திரும்பியிருக்கிறது என்பதை அந்தக் கோடே காட்டிவிடும்.